வீட்டுக்கு நாமே மரத்தரை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கனடாவின் மிசிசாகாவில், 1980களில் கட்டிய இரண்டு மாடி வீடு. கார்பெட்டைப் பிடுங்கிவிட்டு நானும் என் கணவரும் சேர்ந்து ஓக் பலகை அடித்தோம். அதிலிருந்து கொலு பார்க்க வருகிறவர்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவர்கள், ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஹார்ட்வுட்னா என்ன? லேமினேட்டும் அதுவும் ஒண்ணுதானே அக்கா?

இல்லை. சாலிட் ஹார்ட்வுட் என்றால் பலகை முழுக்க ஒரே மரம். பொதுவாக முக்கால் அங்குல கனம். ஒரு பக்கம் நாக்கு போல நீட்டிய விளிம்பு, மறுபக்கம் காடி என்னும் நீளப் பள்ளம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து உட்காரும். எஞ்சினியர்ட் என்று விற்பதில் மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் வரைதான் நல்ல மரம், கீழே ப்ளைவுட் அடுக்குகள். லேமினேட்டில் மரமே தெரிவதில்லை, மரத்தின் படம்தான் தெரிகிறது. வினைல் முழுக்க பிளாஸ்டிக்.

சாலிட் பலகையைப் பல வருடம் கழித்துத் தேய்த்துப் புதுசாக்கலாம், அதுவும் பல தடவை. லேமினேட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பக்கத்தில் எழுதுவது, இங்கத்து வீடுகளில் அடித்தளமாக இருக்கும் ப்ளைவுட் மேல் ஆணியடிக்கும் சாலிட் பலகையைப் பற்றி. மற்றவை வேறுபடும் இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

ரெண்டே பேர் சேர்ந்து நிஜமா போட முடியுமா? எங்க வீட்டுக்காரருக்கு சுத்தியல் பிடிக்கவே தெரியாது.

முடியும். ஆணியடிக்க வாடகைக்கு மெஷின் கிடைக்கிறது. நாக்கின் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால், காற்றழுத்தம் ஆணியைச் சரியான கோணத்தில் இறக்கிவிடும். சுத்தியல் தெரியாதவரும் அரை மணி நேரத்தில் பழகிவிடுவார். இந்த வேலையில் ஆணியடிப்பதுதான் சுலபமான பகுதி. ஈரம், தரையின் மட்டம், முதல் வரிசையின் நேர்த்தி, இந்த மூன்றில்தான் தரை நன்றாக வருவதும் வராததும். மூன்றுமே முதல் ஆணிக்கு முன்னால் முடிய வேண்டியவை.

எங்கள் வீட்டில் அவர் ஆணி, நான் பலகை தேர்வும் அறுப்பும். அளப்பவர் ஒருவராக இருக்கட்டும், டேப்பும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு டேப்பின் கொக்கி ஒரே மாதிரி இருப்பதில்லை. "நான் சரியாத்தான் அளந்தேன்" என்ற சண்டைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. முழங்கால் கவசம் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒரு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது நடக்காத காரியம்.

ஏம்மா, இவ்வளவு செலவு பண்றதுக்கு தேக்குலயே போட்டிருக்கலாமே?

ஊரிலிருந்து வரும் மாமா, பெரியப்பா எல்லோரும் கேட்பது. தேக்கின் பெருமை கரையானுக்கும் தண்ணீருக்கும் அசராததில் இருக்கிறது. கடினம் என்று பார்த்தால் அது ரெட் ஓக்கைவிட மென்மைதான். தரைப் பலகையின் கடினத்தை ஜான்கா அளவில் சொல்வார்கள்: 0.444 அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டை மரத்துக்குள் பாதி வரை அமுக்க எத்தனை பவுண்ட் விசை வேண்டும் என்ற கணக்கு. கறுப்பு வால்நட் 1010, ரெட் ஓக் 1290, ஒயிட் ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450, ஹிக்கரி 1820.

எண் கூடினால் நல்லது என்று ஹிக்கரிக்கு ஓடாதீர்கள். அறுக்க முரண்டு பிடிக்கும், ஈரத்துக்கும் கூடுதலாக அசையும். மேப்பிள் வழவழவென்று இருப்பதால் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும். முதல் தடவை போடுகிறவர்களுக்கு ரெட் ஓக் அல்லது ஒயிட் ஓக் என்பது என் கட்சி. அந்த ரேகை சின்னப் பள்ளங்களை மறைத்துவிடும். இங்கேயே விளையும் மரம். கியூபெக்கில் ஆலைகள் இருப்பதால் கிடைப்பதும் சுலபம்.

எத்தனை சதுர அடி வாங்கணும்? கணக்கு சொல்லுங்க.

நீளம் பெருக்கல் அகலம், அலமாரிக்குள் உள்ள தரையையும் சேர்த்து. அதற்கு மேல் சேதாரத்துக்கு 7 முதல் 10 சதவீதம். குறுக்குச்சாய்வாகப் போடுவதானால் 15. உதாரணத்துக்கு 12க்கு 14 அடி அறை 168 சதுர அடி. 8 சதவீதம் சேர்த்தால் 181. பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் 10 பெட்டி. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள், பிறகு வாங்குவது நிறம் ஒத்துவராமல் போகலாம். மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது எதற்கு என்று கடைசிக் கேள்வியில் வரும்.

பெட்டி வந்த அன்னைக்கே போட ஆரம்பிக்கலாமா? மரம் வீட்டுல மூணு நாள் பழகணும்னு சொல்றாங்களே?

மூன்று நாள் என்பது வாய்வழி வந்த கணக்கு. மரத்துக்கு நாட்காட்டி தெரியாது. பலகை ஆலையிலிருந்து வரும்போது அதன் எடையில் 6 முதல் 9 சதவீதம் ஈரம் இருக்கும். வீட்டுக் காற்றில் ஈரப்பதம் கூடினால் அது ஈரத்தை வாங்கி அகலும், குறைந்தால் விட்டுச் சுருங்கும். பலகை சாகும்வரை இந்த அசைவு நிற்காது. உங்கள் வீடு வருடத்தில் பெரும்பகுதி எந்த ஈரத்தில் இருக்குமோ, அந்த ஈரத்துக்கு மரம் வந்த பிறகு ஆணியடிக்க வேண்டும்.

ஆகவே நாளை எண்ணாதீர்கள், ஈரமானியைப் பாருங்கள். இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி, மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பலகைகளை எடுத்துக் குத்துங்கள், கீழே உள்ள ப்ளைவுட்டிலும் பல இடங்களில் குத்துங்கள். நேஷனல் வுட் ஃப்ளோரிங் அசோசியேஷன் என்ற அமெரிக்க மரத்தரைச் சங்கம் சொல்லும் வரம்பு இது: 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலப் பலகை என்றால் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 4 சதவீதத்துக்குள், 3 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 2 சதவீதத்துக்குள். பின்பக்கக் கண்ணாடிக் கதவின் ஓரத்தை மறக்காமல் குத்திப் பாருங்கள். பனிக்காலச் செருப்பிலிருந்து உருகிய தண்ணீரெல்லாம் இறங்கியிருப்பது அங்கேதான்.

பெட்டிகளை கராஜிலோ பேஸ்மென்டிலோ அடுக்கினால் மரம் கராஜுக்குத்தான் பழகும். போடப்போகும் அறையிலேயே, ஹீட்டரோ ஏசியோ வழக்கம்போல ஓடும் நிலையில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புதிதாகச் சுவர்ப் பூச்சோ பெயின்ட்டோ அடித்திருந்தால் அந்த ஈரம் முதலில் வெளியேறட்டும்.

கார்பெட்டை எடுத்தாச்சு. ப்ளைவுட் மேல நேரா அடிச்சிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்டேப்பிள் பின்கள். கார்பெட்டின் அடிமெத்தையை ஆயிரக்கணக்கில் பின் அடித்துப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் குறட்டால் பிடுங்க வேண்டும், மண்டியிட்டபடி. மொத்த வேலையில் அலுப்பான பகுதி இதுதான். ஒன்று விட்டாலும் அதன் மேல் உட்காரும் பலகை ஆடும்.

பிறகு மட்டம். 10 அடி நீளத்தில் கால் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. நேரான ஒரு நீளச் சட்டத்தைத் தரையில் வைத்து நகர்த்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம், இருபுறமும் ஆடினால் மேடு. மேட்டை உப்புத்தாள் மெஷினால் தேயுங்கள். பள்ளத்தில் தார்க்காகிதத்தை அடுக்கடுக்காக வெட்டி நிரப்பலாம். ஆணியடிக்கும் தரையில் சிமென்ட் மாதிரி ஊற்றும் கலவை வேண்டாம், ஆணி இறங்கும்போது நொறுங்கிவிடும்.

அடுத்து, அறை முழுக்க நடந்து பாருங்கள். கிறீச் சத்தம் வரும் இடத்தில் ப்ளைவுட்டைக் கீழே உள்ள ஜாய்ஸ்ட் உத்தரத்தோடு சேர்த்து திருகாணியால் முடுக்குங்கள். இப்போது விட்ட சத்தம் ஓக் போட்ட பிறகும் அப்படியே இருக்கும், கைதான் எட்டாது. பழைய வீடுகளில் மேலே ஒரு அடுக்கு பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, இருக்கலாம். அது ஆணியைப் பிடிக்காது, பெயர்த்துவிடுங்கள்.

எங்களது ரொம்பப் பழைய வீடு. கார்பெட்டுக்குக் கீழே சின்னச் சின்ன சதுர டைல் இருக்கு, பெயர்த்துடவா?

கையை எடுங்கள். 1980க்கு முந்தைய வீடுகளில் 9 அங்குலச் சதுர வினைல் டைலிலும் அதன் அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. சுரண்டினால், தேய்த்தால், உடைத்தால் இழை காற்றில் கலந்துவிடும். ஒரு மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி முடிவு வந்த பிறகு பேசலாம். இருக்கிறது என்று வந்தால் அது நம் வேலை இல்லை, உரிமம் உள்ளவர்கள் வேலை. இந்தப் பக்கத்தில் நான் "நாமே செய்யலாம்" என்று சொல்லாத இடங்களில் இது முதலாவது.

பலகைக்கு அடியில ஃபோம் போட்டா மெத்துன்னு இருக்குமே? ஏன் வெறும் காகிதம்?

மெத்தென்று இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆணியடித்த பலகை ஃபோம் மேல் உட்கார்ந்தால் மிதிக்க மிதிக்க மேலும் கீழும் அசையும், ஆணி தளரும், சத்தம் வரும். ஃபோம் என்பது ஒட்டாமல் ஆணியடிக்காமல் மிதந்து கிடக்கும் லேமினேட்டுக்கு. நமக்கு 15 பவுண்ட் என்ற ரகத் தார்க்காகிதமோ அதுபோன்ற ஈரத்தடுப்புக் காகிதமோ போதும். ஓரங்கள் சில அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். அது கீழிருந்து வரும் ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது.

பலகை எந்தத் திசையில ஓடணும்? ஜன்னல் வெளிச்சம் வர்ற பக்கம்தானே?

வெளிச்சம் அழகுக்கு. பலத்துக்கு ஒரே விதி: ஜாய்ஸ்ட்டுக்குக் குறுக்கே. வடஅமெரிக்க வீடுகளில் ஜாய்ஸ்ட்டுகள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். ப்ளைவுட்டில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும் கோடுதான் ஜாய்ஸ்ட் போகும் வழி. பேஸ்மென்ட் கூரை திறந்திருந்தால் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இல்லை, ஜாய்ஸ்ட் போகும் திசையிலேயேதான் பலகையும் ஓட வேண்டும் என்றால் மேலே இன்னொரு அரை அங்குல ப்ளைவுட் அடிக்க வேண்டும். அப்போது தரை உயரும், வாசற்படி, மாடிப்படி எல்லாம் கணக்கில் இடிக்கும். வீட்டில் இருக்கிற திசைக்கே நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

முதல் வரிசையை சுவரை ஒட்டி ஆரம்பிச்சா போதும்தானே?

சுவரை நம்பாதீர்கள். நேராகத் தெரியும் சுவர், 15 அடி போவதற்குள் அரை அங்குலம் விலகியிருக்கும். அதை ஒட்டிப் போட்டால் அந்தக் கோணல் கடைசி வரிசை வரை கூடவே வரும். நூல்தான் நேர். சுண்ணப்பொடி தோய்ந்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி ஒரு கோடு போடுங்கள். அறையின் மூலை செங்கோணமா என்று பார்க்க 3-4-5 வழி போதும்: ஒரு சுவரில் 3 அடி, பக்கத்துச் சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை சதுரம். பெரிய அறைக்கு 6-8-10.

எங்கள் ஹாலில் நான் நூலை ஒரு முனையில் பெருவிரலால் அழுத்திக்கொள்ள, அவர் மறுமுனையில் இழுத்தார். நீலக் கோடு விழுந்ததும் சுவருக்கும் கோட்டுக்கும் இடையை அடிக்கு அடி அளந்தோம். குளிர்காயும் கணப்பு அடுப்பு இருக்கும் பக்கம் இடைவெளி குறைந்துகொண்டே போனது. அடுப்பின் கல்மேடை எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்பதால் அதற்கு இணையாகக் கோட்டைத் திருப்பி, கோணலைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளினோம். இப்படி எந்தக் கோணலை எங்கே ஒளிப்பது என்று முதல் பலகைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

காடி சுவரைப் பார்த்து, நாக்கு உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வரிசைக்கு மெஷின் சுவரில் இடிக்கும். அங்கே சின்னத் துளை போட்டு மேலிருந்தே ஆணியடியுங்கள், சுவரோரத் தலைகள் பேஸ்போர்டுக்கு (சுவரின் அடியில் ஓடும் சட்டத்துக்கு) அடியில் மறைந்துவிடும்.

சுவரோரம் முக்கால் அங்குலம் விடணுமாமே? அவ்வளவு இடைவெளி அசிங்கமா இருக்காதா?

பேஸ்போர்டும் அதன் காலடியில் அடிக்கும் கால்வட்டச் சட்டமும் மூடிவிடும், யாருக்கும் தெரியாது. விடாமல் போட்டால்தான் தெரியும்: கோடைப் புழுக்கத்தில் பலகை அகல இடமில்லாமல் நடுவில் மேடாக எழும்பும். பொதுவாகப் பலகையின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. தூண், அடுப்பு மேடை, குழாய் என்று தரை முட்டும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். பேஸ்போர்டைச் சுவரில் அடியுங்கள், தரையில் அடிக்காதீர்கள்.

பலகைங்களை பெட்டியிலிருந்து வர்ற வரிசையில எடுத்துப் போட்டா ஆகாதா?

ஆகும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. ஒரு பெட்டி முழுக்க வெளுப்பாகவும் அடுத்தது கறுப்பாகவும் இருக்கலாம். மூன்று நான்கு பெட்டிகளை ஒரே சமயம் திறந்து கலந்து, ஆணியடிப்பதற்கு முன் ஆறேழு வரிசையைத் தரையில் பரப்பி வையுங்கள். நின்று பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், வாசலில் இருந்து பாருங்கள்.

பக்கத்து வரிசைகளின் முனை இணைப்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கக் கூடாது. இரண்டேகால் அங்குலப் பலகைக்குக் குறைந்தது 6 அங்குலத் தள்ளல், அகலப் பலகைக்கு 8 முதல் 10. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இணைப்புகள் நேருக்கு நேர் வந்தாலும் கண்ணில் குத்தும். படிக்கட்டு மாதிரி வரிசைக்கு வரிசை சமமாக ஏறிக்கொண்டே போவது இன்னும் மோசம், கை தானாகவே அப்படி அடுக்கப் பார்க்கும். வரிசை முடிவில் அறுத்த துண்டை அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு வைத்தால் சேதாரம் குறையும், துண்டு 8 அங்குலத்துக்காவது இருந்தால்.

வளைந்தது, முடிச்சு உதிர்ந்தது, பாலிஷ் திட்டுத்திட்டாக இருப்பது எல்லாவற்றையும் தனியாக ஒதுக்குங்கள். நல்ல பகுதியை மட்டும் அறுத்து அலமாரிக்குள் பயன்படுத்தலாம். கம்பெனிகள் பொதுவாக, ஆணியடித்த பலகையை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பலகை என்றே எடுத்துக்கொள்ளும். அடித்த பிறகு குறை சொன்னால் வாரன்டியில் எடுபடாது.

எத்தனை அங்குலத்துக்கு ஒரு ஆணி? அதிகமா அடிச்சா நல்லதுதானே?

3 அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒன்று. அதைவிட அகலமென்றால் 6 முதல் 8. முனையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளி அடியுங்கள், நுனியில் அடித்தால் நாக்கு பிளந்துவிடும். எவ்வளவு சின்னத் துண்டானாலும் இரண்டு ஆணி. முக்கால் அங்குலப் பலகைக்கு வழக்கமாக 2 அங்குல க்ளீட் ஆணி, அதாவது இந்த மெஷினில் போடும் தட்டையான ஆணி.

வீணாய்ப்போன துண்டில் நாலு ஆணி அடித்துப் பார்த்துக் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். ஆணித்தலை நாக்கின் மடிப்பில் சரியாக அமிழ வேண்டும். வெளியே நீட்டினால் அடுத்த பலகையின் காடி நுழையாது, ரொம்ப ஆழமாகப் போனால் நாக்கு உடைந்திருக்கும். இன்னொன்று: ஆணி நுனி ப்ளைவுட்டைத் துளைத்து அடிப்பக்கம் வரும். பேஸ்மென்ட் கூரையில் ப்ளைவுட்டை ஒட்டித் தண்ணீர்க் குழாயோ வயரோ போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஹால்ல போட்டு முடிச்சு எதிர்ப்பக்க ரூமுக்குள்ள திரும்பினா நாக்கு தப்பான பக்கம் இருக்கே?

ஸ்ப்லைன் என்று ஒரு மெல்லிய மரச்சட்டம் விற்கிறார்கள். காடிக்குள் பசை தடவி அதைச் செருகினால் காடிப் பக்கம் நாக்குப் பக்கமாகிவிடும். அங்கிருந்து எதிர்த்திசையில் வழக்கம்போல ஆணியடித்துப் போகலாம். பெரிய வீட்டில் சிலர் நடுக்கூடத்திலேயே நூல் போட்டு, ஸ்ப்லைன் வைத்து, இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போவார்கள். அகலமான அறைக்கு அது நல்ல முறை. அசைவு இரண்டு சுவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும்.

கடைசி வரிசையில மெஷின் நுழையவே நுழையாதே?

நுழையாது. கடைசி வரிசைகளைச் மெல்லிய பிராட் ஆணிகளை அடிக்கும் சின்னத் துப்பாக்கியால் அடித்து, சுவரோரப் பலகையை மட்டும் மேலிருந்து அடிக்க வேண்டியதுதான். பலகையை நெருக்க, சுவரில் ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்து ப்ரை பாரால் நெம்புங்கள். நேராகச் சுவரில் நெம்பினால் ஜிப்சம் சுவர் உள்ளே போய்விடும். அகலத்தைப் பல இடங்களில் அளந்து நீளவாக்கில் அறுங்கள், சுவர் கோணல் கதையை முன்பே சொன்னேன். கடைசித் துண்டு ஒரு அங்குலத்துக்கும் கீழே வருகிறது என்றால் முந்திய பலகையோடு பசை போட்டு ஒட்டிவிடுங்கள்.

கதவு நிலையைச் சுத்தி வளைச்சு வெட்டறது எப்படி?

பலகையை வெட்ட வேண்டாம், நிலையை வெட்டுங்கள். ஒரு துண்டுப் பலகையைக் காகிதத்தோடு நிலையருகே படுக்கவைத்து, அதன் மேல் ரம்பத்தைப் படுக்கையாக ஓட்டினால் சரியாக அந்த உயரத்துக்கு அறுபடும். பலகை அடியில் நுழைந்துகொள்ளும்.

பேஸ்மென்ட்ல போடலாமா? எங்களது காண்டோ, அங்க?

நிலமட்டத்துக்குக் கீழே சாலிட் மரம் வேண்டாம். கான்கிரீட் வழியாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே எஞ்சினியர்ட், அதுவும் கான்கிரீட்டின் ஈரத்தைச் சோதித்த பிறகு. காண்டோ என்னும் அடுக்குமாடி வீட்டிலும் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான், எனவே அதே பதில். கூடுதலாக, நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கும் விரிப்பு என்ன தரத்தில் வேண்டும் என்ற விவரமும் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்வீட்டில் குழந்தை ஓடும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிச்சன்ல போடலாமா? நம்ம சமையலுக்குத் தாங்குமா?

தாங்கும், உடனே துடைக்கும் வீடாக இருந்தால். மஞ்சள், எண்ணெய், ரசம் எல்லாம் பாலிஷ் மேல் உடனே ஊறிவிடாது. இணைப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் எதிரி. சிங்க் முன்னால் ஒரு விரிப்பு, கிரைண்டர் வைக்கும் இடத்தில் ஒரு தட்டு. ஜான்கா எண் எதுவானாலும் இடுப்பு உயரத்திலிருந்து விழும் குக்கர் பள்ளம் போடும், அதோடு வாழப் பழக வேண்டும்.

பலர் மறப்பது டிஷ்வாஷரை. அதன் முன்னால் மட்டும் முக்கால் அங்குலம் தரையை உயர்த்திவிட்டால், பழுதாகும்போது அதை வெளியே இழுக்க முடியாது. மேலே கவுன்ட்டர், முன்னால் புதுத்தரை. அதைக் கழற்றி எடுத்து, அதன் அடியிலும் போட்டுவிட்டு, மேலே உயரம் இடம் கொடுக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். குளியலறைக்கு மரம் வேண்டவே வேண்டாம்.

பாலிஷ் போட்டு வர்ற பலகை நல்லதா, வெறும் பலகையைப் போட்டு நாமே தேய்ச்சுப் பூசறது நல்லதா?

பிறகு பூசினால் தரை முழுக்க ஒரே வழவழப்பு, நிறமும் உங்கள் இஷ்டம். ஆனால் தரையைத் தேய்க்கும் டிரம் மெஷினை ஒரு நொடி ஒரே இடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும், அது பூச்சுக்குப் பிறகுதான் தெரியும். ஆலையில் பூசியது அலுமினியம் ஆக்சைடு கலந்தது, கடினம். பலகை ஓரம் லேசாகச் செதுக்கியிருப்பதால் சின்ன உயர வித்தியாசமும் தெரியாது. முதல் தடவைக்கு ஆலைப் பூச்சு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாமே தேய்ப்போம் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது; சாலிட் பலகையை அறுக்கும்போதும் என்-95 முகக்கவசம் கட்டாயம், அறுப்பு வெளியே. எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய தகரடப்பாவில் மூடி வையுங்கள்.

ஜனவரி மாசம் பலகைக்கு நடுவுல கோடு கோடா இடைவெளி வந்துடுச்சு. தப்பா போட்டுட்டோமா?

பெரும்பாலும் இல்லை. மரம் பழகுவது பற்றிய பதிலில் சொன்ன அசைவுதான் இது. வீட்டின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கினால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9லிருந்து 6 சதவீதத்துக்கு வரும். ரெட் ஓக் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அகலத்தில் சுமார் 0.0037 பங்கு சுருங்கும். இரண்டேகால் அங்குலப் பலகைக்கு இது 0.6 மில்லிமீட்டர், 5 அங்குலப் பலகைக்கு 1.4. இதே கணக்கை 12 அடி அறைக்குப் போட்டால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வரும். ஆணி பிடித்திருப்பதால் அவ்வளவும் ஒரே பக்கம் வராது, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய கோடாகப் பிரிந்துவிடும். அகலப் பலகை ஃபேஷன் என்று வாங்குகிறவர்கள் அகலக் கோட்டையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

கோட்டில் மரப்பசையை அடைத்துவிடாதீர்கள். கோடையில் பலகை அகலும்போது அது பிதுங்கும், அல்லது ஓரத்தை நசுக்கும். ஹீட்டரோடு ஈரமூட்டி ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். கோடையிலும் மூடாத இடைவெளி, ஒரே இடத்தில் மட்டும் பெரிதாக வரும் இடைவெளி, பலகையின் இரு ஓரமும் எழும்பிக் கிண்ணமாவது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. கடைசியாகச் சொன்னது அடியிலிருந்து ஈரம் வருகிறது என்பதற்கான அடையாளம். முதலில் குழாய்க் கசிவைத் தேடுங்கள், பலகையைப் பிறகு பார்க்கலாம்.

தண்ணி ஊத்திக் கழுவாம எப்படிக்கா சுத்தமாகும்? வெள்ளிக்கிழமை கோலம் போடணுமே?

வாளியோடு வராதீர்கள் என்று என் மாமியாரிடமே சொல்லிவிட்டேன். நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, மரத்தரைக்கென விற்கும் திரவம், போதும். நீராவி மாப் கூடாது, வினிகர் நாளடைவில் பளபளப்பை மங்கச் செய்யும். மாக்கோலமும் காவியும் தரையில் வேண்டாம். ஒரு கறுப்புப் பலகையில் போட்டு வாசலில் வைக்கலாம். குத்துவிளக்குக்கு அடியில் தட்டு, நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டு. ஒட்டு தேயும், அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்.

நடுவுல ஒரே ஒரு பலகை கெட்டுப்போச்சு. மொத்தத்தையும் பிடுங்கணுமா?

வேண்டாம். கெட்ட பலகையின் நீளவாக்கில் நடுவில் இரண்டு கோடு, ரம்பத்தின் ஆழத்தைச் சரியாக முக்கால் அங்குலத்துக்கு வைத்து அறுங்கள். முனைகளுக்கு ஓரிரு அங்குலம் முன்பே ரம்பத்தை நிறுத்தி, மிச்சத்தை உளியால் முடியுங்கள். ரம்பம் பக்கத்துப் பலகையில் ஏறிவிட்டால் இரண்டு பலகை மாற்ற வேண்டிவரும். நடுத்துண்டை நெம்பி எடுத்ததும் ஓரத்துண்டுகள் சுலபமாக வந்துவிடும். பழைய ஆணிகளை அமுக்கிவிடுங்கள்.

புதுப் பலகையில் காடியின் கீழ் உதட்டை மட்டும் அறுத்து எடுத்தால் மேலிருந்து இறக்கிப் பொருத்தலாம்: முதலில் நாக்கை ஒரு பக்கம் செருகி, மறுபக்கத்தைப் பசையின் மேல் அழுத்தி, இரவு முழுக்க எடை வையுங்கள். அரிசி மூட்டை போதும். இந்தப் புதுப் பலகைக்காகத்தான் மிச்சப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்றேன். அதைப் பேஸ்மென்டில் வைக்காமல் மாடி அலமாரியில் வையுங்கள், இல்லையென்றால் ஈரமானியை மறுபடி எடுத்து முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.